சவ்வில் சில மில்லிவோல்ட்: நரம்புக் கட்டிகள் மின்சாரத்தால் வளர்கின்றனவா?

1960-களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் கிளாரன்ஸ் கோன் என்றொரு விஞ்ஞானி இருந்தார். பறவைகள் இறக்கையை அசைக்காமல் வெப்பக் காற்றில் மிதந்தபடியே உயரம் ஏறுவது எப்படி என்று ஆராய்ந்து எழுதியவர். அதன்பின் அவர் கவனம் செல்களின் பக்கம் திரும்பியது. 1971-ல் அவர் வெளியிட்ட கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: உடலில் எந்தச் செல் பெருகும், எந்தச் செல் பெருகாமல் தன் வேலையைப் பார்க்கும் என்பதை அந்தச் செல்லின் சவ்வில் இருக்கும் மின்னழுத்தம் கட்டுப்படுத்துகிறது. அந்த அழுத்தம் நிரந்தரமாகத் தளர்ந்துபோன செல்தான் புற்றுநோய்ச் செல்.

பெரும்பாலான புற்றுநோய் ஆய்வாளர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. 1976-ல் பிஷப், வார்மஸ் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், கோழிகளுக்குக் கட்டியை உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணு உண்மையில் ஆரோக்கியமான செல்லிலிருந்து வந்ததுதான் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் புற்றுநோய் என்றால் மரபணு என்றே ஆகிவிட்டது. மின்னழுத்தம் பற்றிப் பேசியவர்கள் ஓரமாக நின்றார்கள். இப்போது அந்தப் பேச்சு திரும்பி வந்திருக்கிறது. அதுவும் நரம்பு மண்டலத்தின் கட்டிகளில்தான் வலுவாக வந்திருக்கிறது. கோன் கேட்ட கேள்வி சரியான கேள்வி, அவர் சொன்ன பதில்தான் அளவுக்கு மீறி எளிமையானது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்த மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது? நம் உடலில் உயிருள்ள செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். இந்த ஏற்பாடு தானாக அமைவதில்லை. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரத பம்ப், ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கௌ 1957-ல் இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டு கழித்து நோபல் பரிசு வந்தது. மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைப்பது மாதிரி, பம்ப் அயனிகளை ஏற்றி வைக்கிறது. சவ்வில் இருக்கும் அயனி சேனல்கள் குழாய்கள். ஓய்வில் இருக்கும் செல்லில் பெரும்பாலும் பொட்டாசியம் சேனல்கள்தான் திறந்திருக்கும். நேர்மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் கொஞ்சம் வெளியே கசியக் கசிய, செல்லின் உட்பக்கம் எதிர்மின்னூட்டம் பெறுகிறது.

முதிர்ந்த நியூரானில் இது ஏறத்தாழ -70 மில்லிவோல்ட். நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் -80-ஐத் தாண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு போலத் தோன்றும். ஒரு சாதாரண டார்ச் பேட்டரியே 1500 மில்லிவோல்ட். ஆனால் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். 70 மில்லிவோல்ட்டை அந்தத் தடிமனால் வகுத்தால் ஒரு மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட் வருகிறது. உலர்ந்த காற்றில் தீப்பொறி பறக்க ஒரு மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். அதாவது சவ்வுக்குள் பதிந்திருக்கும் ஒவ்வொரு புரதமும், ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறும் காற்றையே கிழிக்கக்கூடிய மின்புலத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேலான புலத்தில் வாழ்கிறது. அந்தப் புலம் பாதியாகக் குறைந்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பதுதான் விசித்திரம்.

-70 என்பது -30 ஆகக் குறைவதை இந்தக் கட்டுரையில் தளர்வு என்றும், திரும்ப -70 பக்கம் போவதை ஆழமாவது என்றும் சொல்கிறேன். நரம்பு மண்டலத்தில் தளர்வு புதிய விஷயம் இல்லை. நரம்பு பேசுவதே அப்படித்தான்: ஒரு மில்லிவிநாடிக்கு அழுத்தம் தளர்ந்து, தலைகீழாகி, திரும்பப் பழைய நிலைக்கு வருகிறது. கோன் பேசியது இந்த நொடிப்பொழுதுத் தளர்வைப் பற்றி அல்ல, மணிக்கணக்கில், நாள்கணக்கில் நீடிக்கும் தளர்வைப் பற்றி. பல வகைச் செல்களின் அழுத்தத்தை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பெருகாத தசையும் நியூரானும் ஒரு முனையிலும், வேகமாகப் பெருகும் செல்களும் கட்டிச் செல்களும் மறுமுனையிலும் இருப்பதை அவர் கவனித்தார். சரி, அப்படியானால் பெருகாத செல்லைத் தளர்த்தினால் பெருகுமா? 1976-ல் அவரும் இன்னொரு கோனும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு இதைத்தான் சோதித்தது. கோழிக் கருவின் தண்டுவட நியூரான்களை வளர்ப்புத் தட்டில் வைத்து, பம்பை நிறுத்தும் ஊவாபெயின் போன்ற பொருள்களால் அவற்றைத் தொடர்ந்து தளர்ந்த நிலையில் வைத்தார்கள். பெருகவே பெருகாது என்று பாடப்புத்தகங்கள் சொன்ன நியூரான்கள் டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்கின, சில இரண்டாகப் பிரியவும் செய்தன.

இந்தச் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பம்பை நிறுத்தினால் அழுத்தம் மட்டும் மாறாது. உள்ளே சோடியம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால்சியம் குழம்பும். இதில் எது செல்லைப் பிரியத் தூண்டியது? அன்றைய கருவிகளால் பிரித்துச் சொல்ல வழியில்லை. மின்னழுத்தம் காரணமா, வெறும் அறிகுறியா என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி இந்தக் கேள்வியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தியது. இது குழந்தைகளின் புற்றுநோய்; பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். கருவில் நரம்பு முகடு என்ற பகுதியிலிருந்து கிளம்பி, பரிவு நரம்பு மண்டலமாகவும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியாகவும் ஆக வேண்டிய செல்கள், ஆகி முடிக்காமல் நடுவழியில் நின்று பெருகிக்கொண்டே இருப்பதுதான் நோய். மற்ற புற்றுநோய்களில் காண்பது அரிதான ஒரு குணம் இதற்கு உண்டு. சில கைக்குழந்தைகளில் இந்தக் கட்டி பரவிய பிறகும், பெரிய சிகிச்சை இல்லாமலே சுருங்கி மறைந்துவிடும். வேறு சில குழந்தைகளிலோ, குறிப்பாக 'மிக்-என்' என்ற மரபணு பல படிகளாகப் பெருகியிருந்தால், மிகக் கொடியதாக இருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் நியூரோபிளாஸ்டோமா செல்களுக்கு ரெட்டினாய்க் அமிலம் கொடுத்தால் அவை பெருகுவதைக் குறைத்து, நீளமான இழைகளை நீட்டி, நியூரான் போல ஆகின்றன. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த இதே வகை மருந்துதான் ஐசோட்ரெட்டினோயின். கடுமையான முகப்பருவுக்குத் தோல் மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதும் அதுவே. ஆபத்து அதிகமுள்ள நியூரோபிளாஸ்டோமா குழந்தைகளுக்கு மற்ற சிகிச்சைகள் முடிந்தபின் மீதமிருக்கும் செல்களை முதிரவைக்க இதைத் தருகிறார்கள்.

முதிரும்போது மின்னழுத்தம் என்ன ஆகிறது? இத்தாலியில் ஆர்க்கேஞ்சலி, பெக்கெட்டி, வாங்கே, ஒலிவோட்டோ ஆகியோர் 1990-களில் இதைப் பொறுமையாக அளந்தார்கள். நெஹரும் சாக்மனும் உருவாக்கிய பேட்ச் கிளாம்ப் முறை அப்போது எல்லோர் கையிலும் வந்துவிட்டது. நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் சவ்வில் ஒட்டி ஒரே ஒரு செல்லின் மின்சாரத்தை அளக்கலாம். பெருகிக்கொண்டிருக்கும் நியூரோபிளாஸ்டோமா செல்களின் அழுத்தம் -40-க்கும் -20-க்கும் இடையில் இருந்தது. முதிர்ந்த நியூரானின் பக்கத்தில்கூட இல்லை. இந்தச் செல்களை லாமினின் போன்ற ஒரு புரதப் பரப்பின்மேல் உட்கார வைத்தால், செல்லைத் தரையோடு பிணைக்கும் இன்டெக்ரின்கள் ஒரு பொட்டாசியம் சேனலைத் திறக்கின்றன, அழுத்தம் ஆழமாகிறது, அதன் பிறகுதான் நரம்பிழை நீள்கிறது. சேனலை மருந்தால் அடைத்தால் இழை வராது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மின் மாற்றம், பிறகு வடிவ மாற்றம். இது அறிகுறி மட்டும் இல்லை என்று சொல்ல முதல் நல்ல ஆதாரம் இந்த வகை ஆய்வுகளில்தான் கிடைத்தது என்பேன்.

அந்தச் சேனலின் அடையாளம் பிற்பாடு தெரிந்தது: ஹெர்க். இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பழைய அழுத்தத்துக்குத் திரும்ப உதவும் அதே சேனல். அது அடைபட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து வரும். டெர்ஃபனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை 1998-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது இந்தக் காரணத்தால்தான். இன்று எந்தப் புது மருந்தையும் ஹெர்க்கைத் தொடுகிறதா என்று பார்க்காமல் முன்னே எடுத்துப் போவதில்லை. ஆகவே கட்டிச் செல்லின் ஹெர்க்கை மருந்தால் மாற்றிப் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்ற யோசனை முதல் அடியிலேயே இதயத்தில் போய் முட்டுகிறது. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் தலைவலி இது. சேனல்கள் கட்டிக்கு மட்டும் சொந்தமானவை அல்ல.

மின்னழுத்தம் மாறினால் செல்லுக்குள் யாருக்குத் தெரிகிறது? பிளவுபடு என்ற கட்டளை எப்படிப் போகிறது? பல ஆண்டுகளுக்கு இதற்குக் கால்சியம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்கள். தளர்வில் திறக்கும் கால்சியம் சேனல்கள் உண்டு, உள்ளே வரும் கால்சியம் பல மரபணுக்களை இயக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். எப்போதும் திறந்திருக்கும் கால்சியம் வழிகளைப் பொறுத்தவரை, உள்ளே எதிர்மின்னூட்டம் அதிகமாக இருந்தால்தான் கால்சியம் வேகமாக இழுக்கப்படும். அங்கே தளர்வு கால்சியத்தைக் குறைக்கும். எந்தச் செல்லில் எந்தச் சேனல் அதிகம் என்பதைப் பொறுத்து ஒரே தளர்வு எதிரெதிர் விளைவைத் தரலாம்.

2015-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜான் ஹான்காக்கின் குழு வெளியிட்ட வேலை இன்னும் நேரடியானது. கே-ராஸ் என்ற புரதம் வளர்ச்சிக் கட்டளையைச் சவ்விலிருந்து உள்ளே அனுப்பும் முக்கியப் புள்ளி. பல புற்றுநோய்களில் இது மரபணுப் பிழையால் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். கே-ராஸின் வால்பகுதியில் நேர்மின்னூட்டம். சவ்வின் உட்பக்கத்தில் இருக்கும் ஃபாஸ்ஃபடைடில்செரீன் என்ற கொழுப்புக்கு எதிர்மின்னூட்டம். வால் அந்தக் கொழுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சவ்வில் உட்கார்கிறது. சவ்வு தளரும்போது இந்தக் கொழுப்பு மூலக்கூறுகள் சின்னச் சின்னக் கூட்டங்களாகத் திரள்கின்றன. அவற்றோடு கே-ராஸும் திரள்கிறது. தனித்தனியாக இருக்கும் கே-ராஸைவிடக் கூட்டமாக இருக்கும் கே-ராஸ் வளர்ச்சிக் கட்டளையை வலுவாக அனுப்பும். இங்கே கால்சியமும் தேவையில்லை, புதிதாக ஒரு சேனல் திறக்கவும் வேண்டியதில்லை. சவ்வின் கொழுப்பே மின்னழுத்தத்தை உணர்ந்து பதில் சொல்கிறது. கோனின் கோட்பாட்டில் இருந்த பெரிய இடைவெளியை, அதாவது எந்த இயந்திரம் வழியாக என்ற கேள்வியை, ஓரளவுக்கு நிரப்பியது இந்த வேலைதான்.

நரம்புக் கட்டிகளுக்கு இது முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. மீண்டும் வந்த நியூரோபிளாஸ்டோமாக்களில், கே-ராஸ் சேர்ந்த ராஸ் புரதக் குடும்பத்தின் பாதையில் மாற்றங்கள் அடிக்கடி காணப்படுகின்றன. நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற பரம்பரை நோயில் குறைபடுவது ராஸை அணைக்கும் புரதம். ராஸ் ஏற்கெனவே சூடாக இருக்கும் இடங்கள் இவை.

இதுவரை படித்தால் தளர்வு கெட்டது, ஆழம் நல்லது என்றுதான் தோன்றும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பொட்டாசியம் சேனல் திறந்தால் சவ்வு ஆழமாகும். அப்படியென்றால் கட்டிச் செல்களில் பொட்டாசியம் சேனல்கள் குறைவாக இருக்க வேண்டும், அல்லவா? நேர்மாறாக, பல கட்டிகளில் அவை அதிகமாக இருக்கின்றன. 1999-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பார்டோவும் ஸ்டூமரும், சாதாரணமாகப் பெரும்பாலும் மூளையில் இருக்கும் ஈக்-1 என்ற பொட்டாசியம் சேனலைச் செல்களில் கூடுதலாக உற்பத்தி செய்ய வைத்தால் அவையே கட்டிச் செல்போல நடந்துகொள்கின்றன என்று காட்டினார்கள். பொட்டாசியம் சேனல்களை அடைத்தால் பல வகைச் செல்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன என்பது அதற்கும் முன்பே தெரிந்த விஷயம்.

இந்த முரணுக்குப் பதில், அழுத்தம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை என்பதுதான். செல் பிரிவின் சுற்று முழுக்க அது ஏறி இறங்குகிறது. மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் தெளிவாக அளக்கப்பட்டது இது: டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்கும் முன் சவ்வு கொஞ்ச நேரம் ஆழமாக வேண்டும், பிளவுக்கு முன் திரும்பத் தளர வேண்டும். நிரந்தரமாகத் தளர்த்தினாலும் சுற்று நிற்கலாம், நிரந்தரமாக ஆழமாக்கினாலும் நிற்கலாம். செல்லுக்கு வேண்டியது நகர்வு. கோன் ஒரு மட்டத்தைத் தேடினார். செல்லோ மட்டத்தை மாற்றிக்கொண்டே வேலை செய்கிறது.

கூடவே கன அளவும் சேர்கிறது. அயனி வெளியே போனால் தண்ணீரும் கூடவே போகும். மூளைக் கட்டியான கிளையோமாவின் செல்கள் பிரிவதற்குச் சற்று முன் குளோரைடையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றிச் சுருங்கி உருண்டையாகின்றன. ஹெரால்ட் சோந்தைமரின் குழு அலபாமாவில் இதை விரிவாக ஆராய்ந்தது. மூளைத் திசுவின் குறுகிய இடுக்குகளில் நுழைந்து போகவும் இதே சுருக்கம் உதவுகிறது. கிளையோமாவை அறுவை சிகிச்சையால் முழுதாக எடுக்க முடியாமல் போவதற்கு இந்த ஊடுருவல்தான் காரணம். குளோரைடு சேனல்களைத் தேடியபோதுதான் பாலைவன மஞ்சள் தேள் ஒன்றின் விஷத்தில் இருக்கும் குளோரோடாக்சின் என்ற 36 அமினோ அமிலத் துணுக்கு கிளையோமா செல்லைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது என்று தெரிந்தது. பிற்பாடு அது ஒட்டுமிடம் வேறு என்றும் விவாதம் வந்தது. ஆனாலும் அதில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, அறுவை மேசையில் கட்டியின் எல்லையைப் பார்க்கும் முயற்சிகள் அதிலிருந்துதான் பிறந்தன. குழந்தைகளின் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவில் ஈக்-2 என்ற பொட்டாசியம் சேனலும் இதே போலக் கன அளவைக் கட்டுப்படுத்துகிறது. எலிகளில் அதை நீக்கினால் கட்டி வளர்ச்சி குறைகிறது.

சரி, எல்லாவற்றையும் விட ஆச்சரியமான பகுதிக்கு வருவோம். மேலே சொன்னதெல்லாம் கட்டிச் செல் தன் மின்னழுத்தத்தைத் தானே அமைத்துக்கொள்வதைப் பற்றி. மூளைக்குள் இருக்கும் கட்டிக்கு அக்கம்பக்கத்தில் கோடிக்கணக்கான நியூரான்கள் இடைவிடாமல் மின்சாரம் பேசிக்கொண்டிருக்கின்றன. அது கட்டிக்குக் கேட்கிறதா?

கேட்கிறது என்பதை 2015-ல் ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜேயின் குழு காட்டியது. எலியின் மூளையில் மனிதக் கிளையோமா செல்களை வைத்து, பக்கத்திலிருக்கும் நியூரான்களை ஒளியால் தூண்டினார்கள். ஒளியால் தூண்டுவது என்றால், பாசியிலிருந்து எடுத்த ஓர் ஒளி உணர் சேனலை நியூரானில் புகுத்தி நீல ஒளி அடிப்பது. ஒளி பட்டதும் சவ்வு தளரும். தூண்டப்பட்ட எலிகளில் கட்டி வேகமாகப் பெருகியது. தூண்டப்பட்ட நியூரான்களின் பக்கத்திலிருந்து நியூரோலிஜின்-3 என்ற புரதத்தின் ஒரு துண்டு வெட்டப்பட்டு வெளியே விழுகிறது, அதைக் கட்டி உணவுபோல எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தது. 2017-ல் நியூரோலிஜின்-3 இல்லாத எலிகளின் மூளையில் அதே கட்டிச் செல்களை வைத்தபோது அவை மாதக்கணக்கில் வளராமல் கிடந்தன. அவ்வளவு பெரிய வித்தியாசம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு 2019 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் விடை வந்தது. மோன்ஜே குழுவின் கட்டுரைக்கு முதல் ஆசிரியர் ஹம்சா வெங்கடேஷ். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வின்க்ளர், குனர் குழுவின் கட்டுரைக்கு வருண் வெங்கட்டரமணி. இரண்டும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருந்தன. நியூரான்கள் கிளையோமா செல்களோடு நிஜமான சினாப்ஸ்களை, அதாவது நரம்புச் செய்தி கைமாறும் சந்திப்புகளை, அமைக்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிகிறது. பேட்ச் கிளாம்ப்பில் அளக்கவும் முடிகிறது. நியூரான் குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளை வெளியிடுகிறது, அதைப் பிடிக்கும் ஆம்பா ஏற்பி என்ற புரதம் கட்டிச் செல்லில் திறக்கிறது, கட்டிச் செல் தளர்கிறது. எல்லாக் கட்டிச் செல்களுக்கும் இப்படிச் சினாப்ஸ் இல்லை, ஒரு சிறு பங்குக்குத்தான். ஆனால் கட்டிச் செல்கள் நீண்ட நுண்குழல்களாலும், அயனிகள் செல்லுக்குச் செல் கடக்கும் இடைவெளிச் சந்திப்புகளாலும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், ஓரிடத்துத் தளர்வு வலைப்பின்னல் முழுக்கப் பரவுகிறது. சினாப்ஸே இல்லாமலும், நியூரான்கள் வேலை செய்யும்போது வெளியே சேரும் பொட்டாசியத்தால் தளரும் கட்டிச் செல்கள் நிறைய.

ஸ்டான்ஃபோர்ட் கட்டுரையில் இருந்த ஒரு சோதனைதான் நம் கேள்விக்கு நேரடியாக வருகிறது. இந்த முறை ஒளி உணர் சேனலை நியூரானில் வைக்கவில்லை. கட்டிச் செல்லிலேயே வைத்தார்கள். எலியின் மூளைக்குள் ஒளி அடித்தால் கட்டியின் சவ்வு மட்டும் தளரும். அந்த எலிகளில் கட்டிச் செல்கள் அதிகமாகப் பெருகின. சேனல் இல்லாத கட்டிகளில் அதே ஒளிக்கு அந்த விளைவு இல்லை. 1976-ல் ஊவாபெயினால் பிரிக்க முடியாததை இது பிரித்துக் காட்டியது: குறைந்தது இந்த வகைக் கட்டியில், சவ்வின் தளர்வே வளர்ச்சிக்குக் காரணமாகிறது. ஆம்பா ஏற்பியைச் செயலிழக்கச் செய்தால் வளர்ச்சி குறைந்தது. வலிப்புக்குத் தரும் பெராம்பனெல் என்ற மாத்திரை அந்த ஏற்பியை அடைக்கும். எலிகளில் அதுவும் பெருக்கத்தைக் குறைத்தது.

இன்னொரு எலி ஆய்வைச் சொல்லாமல் விட மனமில்லை. நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை உள்ள குழந்தைகளில் ஆறில் ஒருவருக்கோ ஐந்தில் ஒருவருக்கோ பார்வை நரம்பில் கிளையோமா வருகிறது. பார்வை நரம்பின் மின் வேலையைத் தூண்டுவது வெளிச்சம். இந்த நோயின் எலி மாதிரிகளைக் குறிப்பிட்ட வயதில் இருட்டில் வளர்த்தபோது கட்டி உருவாவது குறைந்தது என்று 2021-ல் குட்மன், மோன்ஜே குழுக்கள் வெளியிட்டன. குழந்தையை இருட்டறையில் வைக்கச் சொல்லும் ஆய்வு அல்ல இது; பார்வை வளர வெளிச்சம் வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு அதே குட்மன் குழு, லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தால் நியூரான்களின் மிகைத் துடிப்பை அடக்கினால் இந்த எலிகளில் கட்டி வளர்ச்சி குறைகிறது என்று காட்டியது. அது பயன்படக்கூடிய திசை.

அப்படியானால் மூளையை அமைதிப்படுத்தும் எந்த மருந்தும் கட்டிக்கு எதிரானதா? இல்லை. காபா என்ற வேதிப்பொருள் முதிர்ந்த மூளையில் அடக்கும் சமிக்ஞை. அது குளோரைடு சேனலைத் திறக்கும், குளோரைடு உள்ளே வரும், சவ்வு ஆழமாகும். ஆனால் குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் பரவலான நடுக்கோட்டுக் கிளையோமாவின் செல்களில் என்கேசிசி-1 என்ற இறக்குமதிப் புரதம் குளோரைடை உள்ளே நிரப்பி வைத்திருக்கிறது. அங்கே காபா சேனலைத் திறந்தால் குளோரைடு வெளியே ஓடுகிறது. சவ்வு ஆழமாவதற்குப் பதில் தளர்கிறது, கட்டி வளர்கிறது. கருவில் வளரும் மூளையிலும் காபா இப்படித்தான் தூண்டும் சமிக்ஞையாக இருக்கும். முதிராத நிலையில் நிற்கும் கட்டி அந்தக் குணத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறது. காபாவின் வேலையை வலுப்படுத்தும் லொராஸெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து, இந்தக் கட்டி உள்ள எலிகளில் வளர்ச்சியைக் கூட்டியது. பெருமூளைக் கிளையோமாவில் இந்த விளைவு பெரிதாக இல்லை. ஒரே மருந்து, ஒரே ஏற்பி, இரண்டு கட்டிகள், இரண்டு விளைவு. கட்டியின் பெயரைக் கேட்காமல் மின்னழுத்தத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதில் இருக்கும் ஆபத்து இதில் தெரிகிறது. இதைப் படித்துவிட்டு வீட்டில் யாராவது சாப்பிடும் வலிப்பு மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள். எலியில் கண்டது எலியில் கண்டதுதான். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது நேரடியாக உயிர் ஆபத்து. மருத்துவரிடம் கேட்பதற்கு நல்ல கேள்வி, அவ்வளவே.

சவ்வின் மின்னழுத்தம் என்றதும் சிலருக்குத் தலையில் மின்தகடு ஒட்டும் கருவி நினைவுக்கு வரும். இஸ்ரேலிய உடலியங்கியல் பேராசிரியர் யோராம் பால்ட்டி உருவாக்கிய அந்தக் கருவி, கிளையோபிளாஸ்டோமா என்ற மிகக் கொடிய வகைக் கிளையோமா வந்த நோயாளிகளின் மழித்த தலையில் 200 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்புலத்தைச் செலுத்துகிறது. 2017-ல் வெளியான 695 பேர் கொண்ட பரிசோதனையில், மருந்தோடு கருவியும் பயன்படுத்தியவர்களின் நடுமட்ட ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 20.9 மாதம், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 16 மாதம். போலிக் கருவி வைத்து ஒப்பிடவில்லை என்ற குறை அதன்மேல் இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் அது நாம் பேசிய விஷயம் இல்லை. விநாடிக்கு இரண்டு லட்சம் முறை ஊசலாடும் புலத்தைப் பின்தொடர்ந்து சவ்வின் ஓய்வு அழுத்தம் மாறாது. பிரியும் செல்லின் உள்ளே இருக்கும் இழைகளையும் மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகளையும் குழப்புவதுதான் அதன் வேலை என்கிறார்கள். செல்லின் வோல்டேஜை ஏற்றிப் புற்றுநோயை ஓட்டுகிறேன் என்று வாட்ஸ்அப்பில் விற்கப்படும் காந்த வளையல், காரத் தண்ணீர், கால் மிதியடி வகையறாக்களுக்கு இந்த ஆய்வுகளில் எதுவும் துணை நிற்காது. உடலின் வெளியே ஒட்டும் வளையல் 5 நானோமீட்டர் சவ்வின் அழுத்தத்தை மாற்றப்போவதில்லை. மாற்றினால் முதலில் நிற்பது இதயம்.

இனி மருந்துகள். ஹைடல்பெர்க் குழுவினர் பெராம்பனெலை கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளில் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு முன்பு டாலம்பனெல் என்ற இன்னொரு ஆம்பா தடுப்பானை, கட்டி திரும்ப வந்தவர்களுக்குத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது குறிப்பிடும்படியான பலன் இல்லை. அந்தச் சோதனை நடந்தபோது சினாப்ஸ் இருப்பதே தெரியாது. யாருடைய கட்டியில் சினாப்ஸ் அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. பழைய வலிப்பு மருந்துகள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் பயன்பாட்டில் இருப்பதால், அவர்கள் அதிகம் வாழ்ந்தார்களா என்று பின்னோக்கிப் பார்க்க முடிந்தது. 2016-ல் நான்கு பெரிய பரிசோதனைகளின் 1,869 கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த பகுப்பாய்வில், வால்ப்ரோயிக் அமிலமோ லெவெடிராசெட்டமோ எடுத்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. ஆனால் அந்த இரண்டு மருந்துகளும் ஆம்பா ஏற்பியை அடைக்கும் மருந்துகள் அல்ல.